மூன்று கட்ட அட்டவணையும் முரண் இணைப்புச் சொற்களும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் எழுதியவர்களுக்கு அந்த அட்டவணையை நினைவூட்ட வேண்டியதில்லை. ‘சிம்பிள்’ கட்டத்தில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘காம்ப்ளெக்ஸ்’ கட்டத்தில் ‘தோ’, ‘காம்பவுண்ட்’ கட்டத்தில் ‘பட்’. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மற்ற வடிவத்துக்கு மாற்றச் சொல்வார்கள். சொல்லைப் பார்த்ததும் கட்டம் நினைவுக்கு வரும், கட்டத்தைப் பிடித்தால் மதிப்பெண் வரும். வகுப்பறையிலும் டியூஷனிலும் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது கூடவே ஒரு வாசகமும் வரும்: மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

முரணைக் காட்டும் ஆங்கில இணைப்புச் சொற்களைப் பிரித்தறிய இந்த அட்டவணை உதவுகிறதா, தடுக்கிறதா என்று எடைபோட வேண்டிய காலம் வந்துவிட்டது. சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் கூடுதலாகத் தெரியும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே வாரியக் குடியிருப்புகளில் வளர்கிறார்கள். கிழக்கே சோழிங்கநல்லூரும் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பள்ளி ஆங்கிலம்தான் மொத்த ஆங்கிலம். வீட்டில் திருத்த ஆள் இருக்கும் பிள்ளைக்குப் பாடத்தில் ஒரு குறை இருந்தாலும் வேறு வழியில் சரியாகிவிடும். இவர்களுக்கு அந்த வழி இல்லை. கையில் கொடுக்கும் கருவி சரியாக இருந்தே ஆக வேண்டும்.

முதலில் அட்டவணைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். ‘டெஸ்பைட்’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல் அல்லது பெயர் போல நிற்கும் வினைவடிவம் வரவேண்டும். ‘தோ’, ‘ஆல்தோ’ இரண்டுக்கும் பின்னால் எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியம் வரவேண்டும். இந்த வேறுபாட்டை அட்டவணை கையில் பிடித்துக் காட்டுவது போலக் காட்டுகிறது. ‘டெஸ்பைட் இட் வாஸ் ரெயினிங்’ என்று எழுதுகிற பிழையை அது தடுக்கிறது. முதல் தலைமுறையாக ஆங்கிலம் எழுதும் பிள்ளைக்கு இது சிறிய உதவி அல்ல. ‘டெஸ்பைட்’டுக்கும் ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்கும் பொருளில் வேறுபாடு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதிலும் அட்டவணை சரி. இரண்டும் ஒன்றே. ‘டெஸ்பைட் ஆஃப்’ என்று கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.

இத்தோடு அட்டவணையின் நன்மை முடிகிறது. வடிவத்தைப் பற்றி அது சொல்வதெல்லாம் சரி. பொருளைப் பற்றிச் சொல்லும் ஒரே வாசகம் தவறு.

வாடகைக்கு வீடு காட்டும் புரோக்கரை எடுத்துக்கொள்வோம். ‘வீடு சின்னது, ஆனா பஸ் ஸ்டாப் வாசல்லயே இருக்கு’ என்கிறார். அவர் வீட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று புரிகிறது. வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, ‘பஸ் ஸ்டாப் வாசல்லயே இருக்கு, ஆனா வீடு சின்னது’ என்கிறார். அந்த வீடு வேண்டாம் என்று புரிகிறது. இரண்டு பேரும் சொன்ன தகவல்கள் ஒன்றே. ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எது நிற்கிறதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தின் ‘பட்’டும் அப்படியே: பின்பகுதிதான் கனமானது. ‘தோ’ வேறு மாதிரி. அது எந்த வாக்கியத்தோடு ஒட்டுகிறதோ அந்த வாக்கியத்தின் கனத்தைக் குறைக்கிறது. முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அதுவே விதி. ஆக, ‘பட்’ கனமான பகுதியின் தலையில் நிற்கும், ‘தோ’ இலேசான பகுதியின் தலையில் நிற்கும். வாக்கியத்தை மாற்றும்போது இந்த ஒரு விவரம் தெரியாத பிள்ளை ‘பட்’டை எடுத்த இடத்திலேயே ‘தோ’வை வைக்கிறது. புரோக்கரின் பேச்சு அம்மாவின் பேச்சாக மாறிவிடுகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் பிள்ளைக்குத் தன் வாக்கியம் தலைகீழானதே தெரியாது.

‘தோ’ போட்ட வாக்கியத்தில் ‘பட்’டையும் சேர்த்து எழுதும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. தாய்மொழியின் தாக்கம் என்று இதைத் தள்ளிவிடுவது வழக்கம். சீன மொழியில் இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும். அங்கே அந்த விளக்கம் பொருந்தும். தமிழ் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. ‘மழை பெய்தாலும் ஆனால் போனான்’ என்று எந்தத் தமிழரும் பேசுவதில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘தோ’வும் ‘யெட்’டும் இணையாக வந்ததுண்டு, பழைய பள்ளி இலக்கணங்களிலும் அந்த ஜோடி உண்டு. ஒரே பொருள் என்று ‘யெட்’டையும் ‘பட்’டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டால், ஜோடியில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்காருவது இயல்பு. என் கணிப்பில் இந்தப் பிழையின் பிறப்பிடம் வகுப்பறைதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அட்டவணை முரண் என்பதை ஒரே பொருளாகக் கருதுகிறது. மொழியியலாளர்களான ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976இல் வெளியிட்ட, ஆங்கில வாக்கியங்கள் ஒன்றோடொன்று பிணையும் விதத்தை ஆராயும் நூலில், முரண் உறவுகளைப் பல வகையாகப் பிரித்தார்கள். அவற்றில் பள்ளிக்குத் தேவையானவை மூன்று. முதலாவது, எதிர்பார்ப்பு உடைவது: மழை பெய்தது, போகமாட்டான் என்று நினைத்தோம், போனான். இரண்டாவது, இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டுவது: அக்கா நர்ஸ், தங்கை ஆசிரியை. மூன்றாவது, ஒன்றை மறுத்து அதன் இடத்தில் சரியானதை வைப்பது: அவர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். ‘தோ’, ‘டெஸ்பைட்’, ‘நெவர்தெலஸ்’ எல்லாம் முதல் வகை. ‘வேர்ஆஸ்’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ இரண்டாம் வகை. ‘ஆன் தி கான்ட்ரரி’, ‘இன்ஸ்டெட்’ மூன்றாம் வகை.

மூன்றையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு: இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். ‘தங்கை ஆசிரியை, அக்கா நர்ஸ்’ என்றாலும் பொருள் குலையவில்லை, ஆகவே ஒப்பீடு. ‘படிக்காவிட்டாலும் பாஸ் ஆனான்’ என்பதை ‘பாஸ் ஆனாலும் படிக்கவில்லை’ என்று மாற்றினால் வாக்கியம் நிற்கிறது, ஆனால் வேறொன்றைச் சொல்கிறது. ஆகவே எதிர்பார்ப்பு உடைவு. ‘சந்தோஷப்பட்டார், கோபப்படவில்லை’ என்று மாற்றினால் ‘மாறாக’ என்ற சொல்லுக்கு நடுவில் இடமே இல்லாமல் போகிறது. அது மறுத்துத் திருத்துவது. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் தீர்ப்புச் சொல்லாது. ‘ஹவ்எவர்’ முதல் இரண்டு வகைக்கும் வரும், ‘வைல்’ அப்படியே, ‘பட்’ மூன்றுக்குமே வரும். ஆனால் பிள்ளைகள் அதிகம் குழம்பும் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘ஆன் தி கான்ட்ரரி’ இரண்டையும் இது சந்தேகமில்லாமல் பிரித்துவிடும். ‘சென்னையில் வெயில், ஊட்டியில் குளிர்’ என்ற இடத்தில் ‘ஆன் தி கான்ட்ரரி’ போட்டால், ஆங்கிலம் படிப்பவர் எந்தக் கூற்றை இவர் மறுக்கிறார் என்று தேடித் திண்டாடுவார். மறுக்கப்பட்டது எதுவும் அங்கே இல்லை.

இந்தப் பிழைக்குத் தமிழும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ‘மாறாக’ மறுப்புக்கும் வரும், இன்றைய நாளிதழ் நடையில் ஒப்பீட்டுக்கும் வரும். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மொழியின் இதே போன்ற சொல் காரணமாக ஆங்கிலத்தில் இதே இடத்தில் வழுக்குகிறார்கள். வேறு சில மொழிகள் இந்த இரண்டையும் குழப்ப விடுவதே இல்லை. ஜெர்மனில் ‘ஆனால்’ என்பதற்கு ‘ஆபர்’, மறுத்துத் திருத்த ‘ஸொண்டர்ன்’. ஸ்பானிஷில் ‘பெரோ’, ‘ஸினோ’. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் அங்கே பள்ளிப் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகைக்கு நம் அட்டவணையில் கட்டமே கிடையாது. இரண்டாம் வகைக்கும் கிடையாது. மூன்று கட்டமும் முதல் வகையின் மூன்று உடைகள் மட்டுமே. அதோடு, ஒரு வாக்கியத்துக்குள் நிற்கும் இணைப்பைத்தான் அது கவனிக்கிறது. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததை ‘ஹவ்எவர்’ என்று தொடங்குவது பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ‘பட்’ இருந்த இடத்தில் கமா போட்டு ‘ஹவ்எவர்’ எழுதி, இரண்டு வாக்கியங்களை ஒன்றாக ஒட்டிவிடும் பிழை இதனால்தான் கல்லூரி வரை தொடர்கிறது. ‘ஹவ்எவர்’ வாக்கியங்களை ஒட்டாது. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுமா என்று கேட்கலாம். எட்டும் என்பதற்கு அந்தப் பிள்ளை பேசும் தமிழே சான்று. ‘படித்தும் வேலை கிடைக்கவில்லை’ என்கிறோம். ‘படித்தாலும் வேலை கிடைக்காது’ என்கிறோம். முதலாவதில் படிப்பு நடந்து முடிந்த உண்மை. இரண்டாவதில் அது வெறும் அனுமானம். ‘படித்தும்’ என்ற வடிவம் நடந்ததற்கு மட்டும் வரும். ‘படித்தாலும்’ இரண்டுக்கும் வரும்: ‘படித்தாலும் வேலை கிடைக்கவில்லை’ என்றால் உண்மை, ‘கிடைக்காது’ என்றால் அனுமானம். முடியும் வினைதான் அதைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலம் இந்த வேலையை ‘ஈவன் தோ’, ‘ஈவன் இஃப்’ என்ற இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நம் பிள்ளைகள் ‘-ஆலும்’ என்ற ஒற்றை வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ‘ஈவன் இஃப்’ போடுகிறார்கள். ‘நேற்று மழை பெய்தாலும் போனேன்’ என்பதற்கு ‘ஈவன் இஃப்’ எழுதினால், மழை பெய்ததா இல்லையா என்று ஆங்கில வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

இதற்குத் திருத்தமும் தமிழிலேயே இருக்கிறது. ‘பெய்தாலும்’ இருக்கும் இடத்தில் ‘பெய்தும்’ போட்டுப் பார். ‘மழை பெய்தும் போனேன்’ பொருந்துகிறது. எனவே ‘ஈவன் தோ’. ‘நாளை மழை பெய்தும் போவேன்’ பொருந்தவில்லை. எனவே ‘ஈவன் இஃப்’. மனப்பாடம் எதுவும் வேண்டாம். காது சொல்லிவிடும். ஒப்பீட்டுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. ‘அக்கா நர்ஸ், தங்கையோ ஆசிரியை’ என்று ‘ஓ’ சேர்த்துச் சொல்ல முடிந்தால் அங்கே ‘வேர்ஆஸ்’ அல்லது ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ நிற்கும். ‘அவர் கோபப்படவில்லை, அவரோ சந்தோஷப்பட்டார்’ என்று சொல்ல வராது. இரண்டாவது ஆள் அங்கே இல்லை, அதனால் ‘ஓ’வுக்கு வேலை இல்லை.

பெரும்பாக்கத்தை நான் இதில் இழுப்பதற்கு இன்னொரு காரணம் இதுதான். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இந்த ஊரில், செம்மொழிச் சாலையில் இருக்கிறது. 2006இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்குள் ஒரு மையமாகத் தொடங்கி, 2008இல் சென்னைக்கு வந்து, தரமணியில் இருந்துவிட்டு, 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பெரும்பாக்கம் கட்டடத்தில் நிலைத்தது. அது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 41 பழந்தமிழ் நூல்களில் முதலாவது தொல்காப்பியம். அதன் சொல்லதிகாரத்தில் ஏழாவது இயல் இடையியல். முழுக்க முழுக்க இணைப்பும் சாயலும் தரும் சொற்களைப் பற்றியது. ‘உம்’ என்ற ஒன்றுக்கே எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் பிரிக்கிறது. ‘ஓ’வுக்கு ஆறு. ஒரு சிறு சொல், இடத்துக்கு இடம் வேறு வேலை செய்யும் என்பதைப் பொருளிலிருந்து தொடங்கிப் பார்க்கும் முறை அது. நம் ஆங்கில அட்டவணை வடிவத்திலிருந்து தொடங்கி வடிவத்திலேயே முடிகிறது. ஒரே பள்ளியில் தமிழ் வகுப்பில் உம்மையின் எட்டு வகையைப் படித்துவிட்டு, அடுத்த மணி நேரத்தில் ‘தோ’வும் ‘பட்’டும் ஒன்று என்று படிக்கிறது பிள்ளை. இரண்டு ஆசிரியர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே பாதிச் சிக்கல் தீரும்.

அட்டவணைக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு வேறொன்று சந்தையில் இருக்கிறது: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புகள் தரும் இணைப்புச் சொற்பட்டியல். முரணுக்கு என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் ‘ஹவ்எவர்’ முதல் ‘ஆன் தி கான்ட்ரரி’ வரை வரிசையாகச் சொற்கள். எதை எடுத்தும் எங்கும் போடலாம் என்பது போல ஒரு தோற்றம். பள்ளி அட்டவணையைவிட இது மோசம். அட்டவணையாவது வடிவத்தைக் கற்றுக்கொடுக்கிறது. பட்டியல் அதையும் செய்வதில்லை. அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் கருத்துத் தொடர்ச்சிக்கும் பிணைப்புக்கும் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் இருக்கிறது, உண்மை. ஆனால் இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறித் தூவுவதையே குறையாகக் கணக்கிடும் மதிப்பீட்டு அளவுகோல் அது. வில்லியம் க்ரூ என்ற ஆய்வாளர் 1990இலேயே, மாணவர்கள் இணைப்புச் சொற்களை அலங்காரமாக ஒட்டுவதால் தர்க்கம் கெடுகிறது என்று எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய பிழைகளில் ‘ஆன் தி கான்ட்ரரி’யும் உண்டு. சில சொற்களோடு நிறுத்திக்கொண்டு அவற்றைச் சரியாகப் பயன்படுத்துவதே தொடக்கநிலையில் நல்லது என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று. நான் அதை ஏற்கிறேன்.

வெறும் மதிப்பெண் விவகாரம் இது என்று நினைப்பவர்கள் சட்டத்தைத் திறந்து பார்க்கட்டும். அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் உறுப்பு, முதல் கூறில் தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. இரண்டாம் கூறு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்குகிறது: முதல் கூறில் என்ன சொல்லியிருந்தபோதிலும், 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும். அந்தக் கெடு 1965 ஜனவரி 26இல் முடிந்தது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவும் அதே சொல்லோடு தொடங்குகிறது: அந்த 15 ஆண்டுகள் முடிந்துவிட்டபோதிலும், இந்தியோடு ஆங்கிலமும் தொடரலாம். தமிழ்நாடு 1965இல் தெருவில் இறங்கிப் போராடியது இந்த ஏற்பாட்டின் உறுதியின்மையை எதிர்த்துத்தான்.

இடம் மாற்றும் சோதனையை இங்கே செய்து பாருங்கள். ‘ஆங்கிலம் தொடரும் என்று சொல்லியிருந்தபோதிலும் இந்தியே ஆட்சிமொழி’ என்று ஆகிவிடும். வெல்லும் மொழி மாறிவிட்டது. ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ எந்தப் பகுதியின் தலையில் நிற்கிறதோ அந்தப் பகுதி செல்லுபடியாகும், ஆனால் மற்றதற்கு வழிவிடும். ‘பட்’ போட்டிருந்தால் நீதிமன்றத்தில் இந்த ஒழுங்கை நிலைநாட்ட வழக்குரைஞர் பாடுபட வேண்டியிருக்கும். ‘வேர்ஆஸ்’ போட்டிருந்தால் இரண்டு விதியும் சமமாக அருகருகே நின்றிருக்கும். சட்ட ஆங்கிலத்தில் ‘வேர்ஆஸ்’ செய்யும் வேலையே வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தப் பத்திரத்தின் தொடக்கத்தில், இந்த வீடு இன்னாருடையது என்று சொல்லும் இடத்தில் வரும் ‘வேர்ஆஸ்’ எதையும் முரணாகக் காட்டவில்லை. ‘இவ்வாறு இருப்பதால்’ என்று பின்னணி சொல்கிறது. பள்ளியில் ஒரே பொருள் படித்தவர் பத்திரத்தில் அதைப் பார்த்துக் குழம்புவது அவர் தவறல்ல.

தீர்ப்பு இதுதான். மூன்று கட்ட அட்டவணை வாக்கிய வடிவம் பழகும் பயிற்சியாக எட்டாம் வகுப்போடு நிற்க வேண்டும். ‘அர்த்தம் ஒன்றுதான்’ என்ற வாசகம் எந்த வகுப்பிலும் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உடைவு, ஒப்பீடு, திருத்தம் என்ற மூன்று உறவில் தொடங்கி, உறவுக்கு ஏற்ற சொல்லைத் தேட வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல் போதும்: ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘வேர்ஆஸ்’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘ஆன் தி கான்ட்ரரி’, ‘இன்ஸ்டெட்’. விளக்கம் தமிழில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு இந்தப் பாடத்துக்கு நேர் எதிரி. பெரும்பாக்கம் நிறுவனம் தொல்காப்பியத்தின் இடையியலையும் இன்றைய ஆங்கில இணைப்புச் சொற்களையும் அருகருகே வைத்து ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கையேடு தந்தால், அதே ஊரில் வளரும் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ‘காம்ப்ளெக்ஸாக மாற்று’ என்ற கேள்விக்குப் பதிலாக, இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, நடுவில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ வருமா ‘ஆன் தி கான்ட்ரரி’ வருமா, ஏன் என்று கேளுங்கள். ‘ஏன்’ என்பதற்கான பதிலைத் தமிழில் எழுத அனுமதியுங்கள்.